பத்து மணி நிகழ்ச்சியும் பல்லக்கின் முன்தண்டும்

என் வீட்டுக்காரிக்குக் கண்ணில் புரை வந்தது, வரக்கூடாத வயதில். முதலில் ஊசியில் நூல் கோக்க என்னைக் கூப்பிட்டாள். பிறகு அரிசியில் கல் பார்க்கக் கூப்பிட்டாள். ஒரு நாள் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்த என்னையே யாரோ என்று நினைத்து, "அவரு இல்லீங்க, டூட்டிக்குப் போயிருக்காரு" என்றாள். சிரிக்க வேண்டிய விஷயந்தான். ஆனால் அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது.

தை மாதம் புதுச்சேரியில் ஆபரேஷன் என்று நாள் குறித்துக் கொடுத்தார்கள். அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை எங்கள் குவார்ட்டர்ஸ் பிளாக்கின் முருகன் கோயிலில் நின்று வேண்டிக்கொண்டேன். "அப்பா, இவள் கண்ணைத் திருப்பிக் கொடுத்துவிடு. பங்குனி உத்திரத்தன்று நீ வீதி வரும்போது உன் பல்லக்கின் முன்தண்டை என் தோளில் தாங்கி, சுற்று முடியும்வரை இறக்காமல் வருகிறேன்." எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பெரிய ஸ்லோகமெல்லாம் தெரியாது. தெரிந்த தமிழில் கேட்டேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டுப் பிரித்து, கறுப்புக் கண்ணாடி போட்டு வீட்டுக்கு அழைத்து வந்தேன். முதல் வேலையாக அவள் செய்தது, சமையல்கட்டுச் சுவரைப் பார்த்து, "இந்தச் சுவத்தை இத்தனை நாளா இப்படியா வெச்சிருந்தீங்க?" என்று என்னைத் திட்டியது. முருகன் தன் வேலையை முடித்துவிட்டான். மிச்சம் என் வேலை.

எங்கள் கோயிலுக்குத் தேர் கிடையாது, பல்லக்குத்தான். முன்தண்டுக்கு ஆள் நிறையப் பேர் கேட்பார்கள். யாருக்கு என்பதை விழாக்குழுதான் சொல்லும். விழாக்குழு என்றால் செயலாளர். அவர் அலுவலகத்தில் ஜெனரல் ஷிப்ட் பார்ப்பவர். காலையில் போனால் சாயங்காலம் வீடு. ஒரு கட்சியில் பகுதிப் பொறுப்பும் உண்டு. மெல்லிய வெள்ளைச் சட்டை போடுவார். பைக்குள் இருக்கும் தலைவர் படம் வெளியே தெரிய வேண்டும் என்பதற்காகவே அந்தத் துணியை எடுப்பார் என்று சொல்வார்கள். நல்ல மனிதர். கோயிலுக்கு உழைப்பவர். என் வேண்டுதலைச் சொன்னதும், "உங்களுக்கு இல்லாததாங்க? விரதம் மட்டும் ஒழுங்கா இருங்க. முன்தண்டு உங்களுக்குத்தான்" என்று என் கையைப் பிடித்துச் சொன்னார்.

அந்த முன்தண்டு என் கையை விட்டுப் போகப் பார்த்தது டிவியில் வந்த ஒரு நக்கல் நிகழ்ச்சியால்.

2012, 13 வாக்கில் நடந்தது இது. இரவு பத்து மணிக்கு ஒரு சேனலில் அந்த நிகழ்ச்சி வரும். கோட்டும் டையும் போட்ட இரண்டு பேர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, நிஜச் செய்தி வாசிப்பவர்கள் போலவே முகத்தை வைத்துக்கொண்டு, அன்றைக்கு அரசியல்வாதி பேசியதையும் சினிமா நடிகர் பேட்டி கொடுத்ததையும் போட்டுக் காட்டி நாலு வார்த்தை சொல்வார்கள். அவர்கள் சிரிக்கவே மாட்டார்கள். நாம்தான் வயிற்றைப் பிடித்துக்கொள்வோம். எந்தக் கட்சியையும் விட்டுவைக்கவில்லை. நான் சாமி விளக்கை மலை ஏற்றிவிட்டு, பாலைக் குடித்துவிட்டு, அதைப் பார்த்த பிறகுதான் படுப்பேன். பக்தி உள்ள மனுஷன் இதையெல்லாம் பார்க்கலாமா என்று ஒருவர் என்னைக் கேட்டிருக்கிறார். முருகனே விளையாட்டுப் பிள்ளைதானே, பார்த்தால் என்ன என்று நான் நினைத்துக்கொள்வேன்.

ஆனால் எனக்கு நிலக்கரி மைன்ஸில் ஷிப்ட் வேலை. கன்வேயர் பெல்ட் ஓடும் இடத்தில் நின்று அதைக் கவனித்துக்கொள்ள வேண்டும். முதல் ஷிப்ட் வாரத்தில் நிகழ்ச்சியைப் பார்க்கலாம். இரண்டாம் ஷிப்ட் என்றால் இரவு பத்து மணிக்குத்தான் பெல்ட்டை விட்டு இறங்குவோம், நிகழ்ச்சி போய்விடும். நைட் ஷிப்ட் என்றால் கேட்கவே வேண்டாம். மைன்ஸ்காரனுக்கு நிகழ்ச்சி ஒரு வாரம் வரும், இரண்டு வாரம் வராது.

அந்தக் குறையைத் தீர்த்து வைத்தவர் என் பங்காளி. சொந்தத்தில் பங்காளி இல்லை. நாங்கள் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொள்வது அப்படி. முத்தாண்டிக்குப்பத்தில் சொந்த வீடு, மோட்டார் சைக்கிளில் வந்து போவார். அவர் நிற்கும் இடத்துக்கு நான் ரிலீவர். அதாவது நான் போய் நின்றால்தான் அவர் நகர முடியும். எந்த வாரம் எந்த ஷிப்டாக மாறினாலும் இந்த வரிசை மாறாது. எங்கள் பழக்கம் மொத்தமும் அந்தக் கைமாறும் பத்து நிமிஷத்தில்தான். அவர் கோயிலுக்குள் காலெடுத்து வைக்காதவர். என் நெற்றி விபூதியைப் பார்த்து, "சாமி" என்றே என்னைக் கூப்பிடுவார்.

முதல் ஷிப்ட் யாருக்கோ அவர் நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு வந்து மற்றவருக்குச் சொல்ல வேண்டும். இது எங்களுக்குள் தானாக ஏற்பட்ட ஏற்பாடு. நான் காலை ஆறு மணிக்குப் போய், நைட் ஷிப்ட் முடித்து நிற்கும் அவருக்கு ஒன்று விடாமல் சொல்வேன். கோட்டு என்ன நிறம், யார் முதலில் பேசினார், எப்படித் தண்ணீர் குடித்தார் என்பதுவரை சொல்வேன். அவர் கொட்டாவி விட்டுக்கொண்டே கேட்பார்.

"சாமி, நீ சொல்றது பஞ்சாங்கம் படிக்கிற மாதிரியே இருக்குதுய்யா. சிரிக்கற எடம் எதுன்னு கைய தூக்கிக் காட்டு, சிரிச்சிட்டு வூட்டுக்குப் போறேன்."

அவர் முதல் ஷிப்டாக இருந்து நான் மதியம் இரண்டு மணிக்குப் போய் நிற்கும் வாரத்தில் கதையே வேறு.

"வா சாமி. பெல்ட்டு நல்லா ஓடிகினு இருக்குது. அந்தக் கடேசி ரோலரு கத்திகினு இருந்துச்சி, கிரீஸு வெச்சிட்டேன். சூடு ஏறுதான்னு மட்டும் பாத்துக்க. வேலை முடிஞ்சிது. இப்ப செய்தி."

சொல்லிவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொள்வார். முகம் அப்படியே கோட்டுக்காரர் முகமாக மாறிவிடும்.

"அமைச்சர் பேட்டி குடுத்துகினு இருக்காரு. தமிழ்நாட்டுல மின்வெட்டே கெடயாதுன்றாரு. சொல்லிகினு இருக்கும்போதே மைக்கு செத்துப் போச்சி. மிச்சப் பேட்டிய, பக்கத்துல விசிறிகினு இருந்த ஆளு சொல்லி முடிச்சாரு."

நான் பெல்ட் சத்தத்தையும் மீறிச் சிரிப்பேன். அவர் சிரிக்க மாட்டார்.

"அடுத்த செய்தி. நம்ம பெரிய நடிகர கேட்டாங்க, அரசியலுக்கு எப்ப வருவீங்கன்னு. நேரம் வரும்போது வருவேன்னுட்டாரு. பக்கத்துல நின்னுகினு இருந்த டைரக்டரு அழுதுட்டாரு. 'சார், அதுக்கு முன்னாடி ஒருக்கா ஷூட்டிங்குக்கு வந்துட்டுப் போயிடுங்க சார்.'"

"டிவியில இப்படியெல்லாமா சொல்றாங்க?"

"கோட்டு போட்டுகினு சொல்றான்யா!"

இன்னொரு நாள் பண்ருட்டிப் பக்கம் ஒரு விழாவாம். அமைச்சருக்குப் பலாப்பழம் கொடுத்தார்களாம். அவர் கையில் எண்ணெய் தடவிக்கொள்ளாமல் உரித்துத் தின்றுவிட்டு அப்படியே மைக்கைப் பிடித்துவிட்டார். பிசின் ஒட்டிக்கொண்டது. "அரை மணி நேரம் பேச்சு, ரெண்டு மணி நேரமா போயிகினு இருக்குது. சனங்க எழுந்து போவுறாங்க, இவரால மைக்க உட முடியல. கடேசியில ஒரு அம்மா தேங்கா எண்ணெ கொண்டாந்து ஊத்தி, கூட்டத்த முடிச்சி வெச்சிது."

எட்டு மணி நேரம் பழுப்பு நிலக்கரித் தூசிக்கும் சத்தத்துக்கும் நடுவில் நிற்கிறவனுக்கு இது எவ்வளவு பெரிய துணை என்று சொன்னால் புரியாது. நினைத்து நினைத்துச் சிரிப்பேன். மறுநாள் கேன்டீனில் சொல்வேன், பால் பூத்தில் சொல்வேன், கோயிலில் சொல்வேன். "டிவியில சொன்னாங்க" என்று ஆரம்பிப்பேன். டிவி சொன்னது என்றால் யாருக்கும் கோபம் வராது. எல்லாக் கட்சிக்காரரும் சிரிப்பார்கள். என்னுடன் இரண்டாம் ஷிப்ட் பார்த்தவர்கள் ஒருவரும் நிகழ்ச்சியைப் பார்த்திருக்க மாட்டார்களே! நான் சொல்வதுதான் அவர்களுக்கு நிகழ்ச்சி.

உத்திரத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலை, பிளாக் ஆண்கள் எல்லாரும் கோயில் பிராகாரத்தில் உட்கார்ந்து புளி போட்டுப் பித்தளைச் சாமான் தேய்த்துக்கொண்டிருந்தோம். எனக்கு வந்தது ஒரு பெரிய குத்துவிளக்கு. தேய்க்கிற கைக்கு அலுப்புத் தெரியாமல் இருக்க ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்டார்கள். முந்தின நாள் பங்காளி சொன்னது சுடச்சுட இருந்தது. ஒரு கட்சியின் பெயரைச் சொல்லி ஆரம்பித்தேன்.

"வெள்ளிக்கிழமை டிவியில சொன்னாங்க. அவங்க தலைவருக்குப் பொறந்த நாளாம். மண்டபத்து வாசல்ல மரம் உயரத்துக்கு கட்அவுட். தலைவர் கார்ல வந்து இறங்கினாராம். இறங்கி, கட்அவுட் முன்னாடி நின்னு எல்லாரையும் பார்த்துக் கும்பிட்டாராம். பின்னாலேர்ந்து ஒரு தொண்டர் கத்தறாராம், 'யோவ் பெருசு, தள்ளி நில்லுய்யா! தலைவரை மறைக்கிற!'"

விளக்கைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். ஒருவர் புளித்தண்ணீர்க் குவளையைத் தட்டிவிட்டார். எனக்குப் பின்னால் மட்டும் சிரிப்பு வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். செயலாளர். ஞாயிற்றுக்கிழமை என்பதால் அவரும் வந்திருந்தார். நான் சொன்னது அவருடைய தலைவரை.

"எந்த டிவியிலங்க?" என்றார்.

"பத்து மணி நிகழ்ச்சியிலங்க. கோட்டு போட்டு ரெண்டு பேர் வருவாங்களே..."

"வெள்ளிக்கிழமையா?"

"ஆமாங்க."

"வெள்ளிக்கிழமை நான் முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் பார்த்தேன். விளம்பரம்கூட விடல. அப்படி ஒண்ணும் வரலியே."

ஜெனரல் ஷிப்ட்காரர் தினமும் ராத்திரி வீட்டில் இருப்பார் என்பது அந்த நிமிஷம்வரை என் மண்டையில் ஏறவில்லை. கையில் புளியோடு விழித்தேன்.

"அப்ப நீங்களே கட்டிச் சொன்னீங்களா?"

"சத்தியமா இல்லீங்க. எனக்கு அவ்வளவு அறிவு கிடையாது."

"எனக்கும் அப்படித்தான் தோணுது" என்றார். அதற்கும் நாலு பேர் சிரித்துவிட்டார்கள். அது அவருக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. "அப்ப யாரோ சொல்லிக் கொடுத்து, கோயில்ல உட்கார்ந்து எங்க தலைவரைக் கேவலப்படுத்தறீங்க. செவ்வாய்க்கிழமை குழுக் கூட்டம். அதுக்குள்ள ஆள் யாருன்னு சொல்லுங்க. இல்லேன்னா முன்தண்டுக்கு நான் வேற ஆள் பார்த்துக்கறேன்."

அவர் போன பிறகு அந்தக் குத்துவிளக்கை நான் எப்படித் தேய்த்தேன் என்று எனக்கே தெரியாது.

அன்று மதியம் இரண்டு மணிக்கு முன்னாலேயே போய் நின்றேன். பங்காளி ஹெல்மெட்டைக் கழற்றி, முகத்தை மாற்றிக்கொண்டு ஆரம்பிக்கப் போனார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன்.

"பங்காளி, அந்த கட்அவுட் விஷயம் டிவியில வந்துதா?"

"வந்துதே."

"பார்த்தவர் ஒருத்தர் வரலேங்கறாரு."

அவர் பெல்ட்டைப் பார்த்தார். கடைசி ரோலரைப் பார்த்தார். பிறகு, "அந்தாளு ஊர்ல ராத்திரியில கரண்டு இருக்குதா?" என்றார்.

"இருக்காதா பின்ன?"

"எங்க ஊர்ல இல்லியே சாமி. ராத்திரி ஒம்போதுக்குப் போச்சின்னா பதினொண்ணு, பதினொண்ணரை ஆவுது. நான் டிவிய எங்கேர்ந்து பாக்கறது?"

எங்கள் குவார்ட்டர்ஸில் கம்பெனி கரண்ட், அங்கே மின்விசிறி நின்று நான் பார்த்ததில்லை. மின்வெட்டு என்பதை நான் டிவியில்தான் பார்த்திருக்கிறேன். எங்கள் இருவர் முன்னாலும் ஓடுகிற இந்த பெல்ட்டில் போகிற நிலக்கரிதான் கரண்ட் ஆகிறது. அதை அள்ளி அனுப்பிவிட்டு அவர் வண்டியை எடுத்துக்கொண்டு இருட்டுக்குள் போகிறார் என்பது, இத்தனை நாள் தினமும் பார்த்துப் பேசிய எனக்குத் தோன்றவே இல்லை.

"அப்ப இத்தனை நாளா நீ சொன்னது?"

"நீதான் அட்சரம் பெசகாம சொல்லுவியே, கோட்டு, மேசை, மூஞ்சிய எப்பிடி வெச்சிப்பான்னு. அத்தப் புடிச்சிகினு, வாசல்ல கட்டிலப் போட்டு, இருட்டுல படுத்துகினு யோசிப்பேன். வூட்டுல கேக்கும், என்னாத்துக்குத் தனியா சிரிச்சிகினு கெடக்குறன்னு."

"கரண்ட் இல்லேன்னு எங்கிட்ட சொல்லியிருக்கலாமேய்யா."

"சொல்லலாம். நீ தூக்கத்த உட்டுட்டு எனக்காவ பாத்துட்டு வந்து சொல்ற. நான் மட்டும் கைய விரிச்சிகினு போறதா? அதுவும் எட்டு மணி நேரம் இந்தச் சத்தத்துல நிக்கப் போறவன்கிட்ட?"

பலாப்பழப் பிசினைப் பற்றிச் சென்னையில் கோட்டுப் போட்டு உட்கார்ந்திருப்பவருக்கு என்ன தெரியும் என்று அப்போதுதான் யோசித்தேன். என் மேலேயே எனக்குச் சிரிப்பு வந்தது. கோபப்பட வேண்டும் என்று நினைத்துப் போனவன், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டேன்.

"ஏன், எவனாவது ஏதாச்சும் சொன்னானா?" என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்ல. சும்மா கேட்டேன். நீ கிளம்பு."

முன்தண்டு விஷயத்தை நான் சொல்லவில்லை. அவர் ஊரில் பாதிப் பேர் செயலாளரின் கட்சி. பங்காளியின் மைத்துனரே அந்தக் கட்சிக் கொடி கட்டிய வண்டியில் போகிறவர். நம் வாயால் ஒரு வீட்டுக்குள் சண்டை வர வேண்டாம். அது மட்டும் இல்லை. இருட்டில் கிடந்துகொண்டு எனக்காக யோசித்த மனுஷனைக் கொண்டுபோய் எப்படிக் காட்டிக் கொடுப்பது?

ஆனால் முருகனிடம் சொன்ன சொல்? வேலை முடித்து வீட்டுக்குப் போய், சாப்பிட உட்கார்ந்ததும் என் வீட்டுக்காரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கறுப்புக் கண்ணாடியோடு கேட்டுக்கொண்டிருந்தாள். முதலில், "அந்த விசிறிக்காரன் விஷயமும் அவரு சொன்னதுதானா? நான்கூட மூணு வீட்டுல சொன்னனே" என்றாள். பிறகு, "பேரைச் சொல்லாதீங்க. தண்டையும் விட்டுடாதீங்க" என்றாள்.

"ரெண்டும் எப்படிடி முடியும்?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? வேண்டிக்கிட்டது நீங்க. கண்ணு மட்டுந்தான் என்னுது."

திங்கள்கிழமையும் போய்விட்டது. செவ்வாய், புதன் இரண்டு நாளும் திருவிழாவுக்காக லீவு போட்டிருந்தேன். செவ்வாய்க்கிழமை மூன்று மணி இருக்கும், வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம். பங்காளி, முதல் ஷிப்ட் முடித்து நேரே வந்திருக்கிறார். கையில் ஒரு கட்டு முருங்கைக்காய். அவர் எங்கள் வீட்டுக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

"தங்கச்சி கண்ணு எப்பிடி இருக்குதுன்னு பாத்துட்டுப் போவலாம்னு வந்தேன்" என்றார்.

"கண்ணு நல்லா இருக்குதுண்ணா" என்றாள் இவள். "அந்தக் கண்ணுக்காக இவரு வேண்டிக்கிட்டதுதான் நல்லா இல்ல."

"ஏய், காபி போடு போ" என்றேன்.

"போடறேன், போடறேன். அண்ணன் சொன்ன கட்அவுட்டால இவருக்கு முன்தண்டு இல்லேன்னுட்டாங்கண்ணா. இன்னிக்கு சாயங்காலம் கோயில்ல கூட்டம், யாரு சொன்னதுன்னு பேரைக் கேக்கறாங்க. இவரு வாயைத் திறக்க மாட்டேங்கறாரு." சொல்லிவிட்டு அவள் நிதானமாகக் காபி போட உள்ளே போனாள். பேரைச் சொல்லாதீங்க என்று என்னிடம் சொன்னவள், அந்தப் பேருக்கு உரியவரிடமே விஷயத்தைச் சொல்லமாட்டேன் என்று சொல்லவில்லை.

பங்காளி என்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை.

"ரெண்டு நாளா தெனம் நின்னுகினு பேசினமே. ஒரு வார்த்த சொன்னியாய்யா நீ?"

"சொன்னா நீ என்ன பண்ணப் போற? உனக்குத்தான் கோயில்னாலே ஆகாதே."

"கோயில்தான் எனக்கு ஆவாது. நீ ஆவலன்னு எவன் சொன்னான்?"

காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் போய்விட்டார். வண்டி முத்தாண்டிக்குப்பம் பக்கம் போனது என்றுதான் நான் நினைத்தேன்.

சாயங்காலம் கோயில் முன்பந்தலில் குழுக் கூட்டம். மேளக்காரர் எத்தனை மணிக்கு வருகிறார், பானகம் யார் வீடு என்று எல்லாம் பேசி முடித்தார்கள். கடைசியில் செயலாளர் என் பக்கம் திரும்பினார்.

"சொல்லுங்க. யாரு?"

"சொல்ல முடியாதுங்க" என்றேன். "முருகன் எதிர்ல பொய் சொல்லக் கூடாது. அதனால ஆள் இல்லேன்னு சொல்ல மாட்டேன். பேரைச் சொல்லவும் மனசு வரல. நான் சொன்னது உங்க மனசைப் புண்படுத்தியிருந்தா மன்னிச்சுக்குங்க. என் வேண்டுதலை மட்டும் தடுக்காதீங்க."

செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வேறு யாரையோ சொல்ல வாயெடுத்தார்.

"அந்த ஆளு நான்தாங்க."

குரல் செருப்பு விடும் இடத்திலிருந்து வந்தது. பங்காளி அங்கே நின்றார், வேலைக்குப் போன அதே சட்டையில். பந்தல் எல்லைக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டு கையைக் கட்டிக்கொண்டார்.

"உள்ள வாங்க" என்றார் செயலாளர்.

"பரவால்லீங்க. எங்க இருந்து பேசினாலும் கேக்கும், எனக்கு பெல்ட்டுச் சத்தத்துல பேசிப் பேசிப் பழக்கம். அத்தக் கட்டினது நான். இவரு டிவியில வந்துதுன்னு நம்பி சொல்லிட்டாரு. இவரு எதச் சொன்னாலும் நம்புவாரு, அதான் வெவகாரமே. கேக்கறத என்னக் கேளுங்க."

"எங்க தலைவரைப் பத்தி என்ன சொன்னீங்க? என் எதிர்ல சொல்லுங்க பார்ப்போம்."

செயலாளர் மிரட்டுவதற்காகத்தான் அப்படிச் சொன்னார். பங்காளிக்கு அது அழைப்பாகத் தெரிந்தது. முகத்தை மாற்றிக்கொண்டார். நான் சொன்னதைப்போல இல்லை. கார்க் கதவு திறக்கும் சத்தம், தலைவர் வேட்டியைச் சரிசெய்யும் தினுசு, கும்பிட்ட கையோடு அவர் காத்திருக்கும் நேரம், எல்லாம் வந்தது. "யோவ் பெருசு!" என்று அவர் கத்தியதும், சன்னதி வாசலில் நின்ற குருக்கள் கையிலிருந்த மணி தானாக ஆடியது. முதலில் சிரித்தது அவர்தான். குருக்களே சிரித்த பிறகு மற்றவர்கள் எதற்கு அடக்க வேண்டும்?

செயலாளர் மட்டும் சிரிக்கவில்லை. பந்தல் அமைதியாகும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

"இந்தப் பகுதியில எந்த கட்அவுட் வெச்சாலும் முன்னால நின்னு வைக்கறது நான். என்னைப் பத்தி அதுல ஒண்ணும் இல்லியா?"

பங்காளி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"இல்லாம எப்பிடிங்க? பின்னால நின்னுகினு 'தள்ளி நில்லுய்யா'ன்னு கத்தினாரே ஒரு தொண்டரு, அது நீங்கதான்."

போச்சு என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். முருகா முருகா என்றேன். கண்ணைத் திறந்து பார்த்தால், செயலாளரின் மீசைக்குக் கீழே ஏதோ நடந்துகொண்டிருந்தது.

"அப்ப எங்க தலைவரையே தள்ளி நிக்கச் சொல்ற அளவுக்கு எனக்கு இந்தப் பகுதியில செல்வாக்கு இருக்குங்கறீங்க."

"ஊரே சொல்லுதுங்களே."

"ம்" என்றார். சட்டைப் பைக்குள் இருந்த தலைவர் படத்தை ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு குழுவைப் பார்த்து, குரலை உயர்த்தி, "சரி, நாளைக்கு முன்தண்டு இவரே தூக்கட்டும். ஏற்கெனவே வாக்குக் கொடுத்தாச்சு. ஆனா ஒண்ணு, சாமியைத் தோள்ல வெச்சுக்கிட்டு வீதியில சிரிக்கக் கூடாது" என்றார். பங்காளி பக்கம் திரும்பாமலேயே, "அவரு வீதியில எங்க வேணா நிக்கட்டும், இவரு கண்ணுல படற மாதிரி மட்டும் நிக்க வேணாம்" என்றார்.

நான் பங்காளியிடம் போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். சன்னதியிலிருந்து கொண்டு வந்த விபூதி என் கையில் இருந்தது. அவருக்குக் கொடுக்கவா வேண்டாமா என்று தயங்கினேன். அவரே பார்த்துவிட்டு, "அத்த எங்கிட்ட நீட்டாத. தங்கச்சிக்கு எடுத்துகினு போ" என்றார்.

கோயிலுக்கு வராதவர் ஒருவரை அனுப்பித்தான் முருகன் எனக்குத் தண்டைக் கொடுத்தான். அதை நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். பங்காளி வேறு மாதிரி எடுத்துக்கொண்டிருப்பார். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

மறுநாள் உத்திரம். வெயில் தாழ்ந்ததும் புறப்பாடு. குளித்து, ஈரத் துண்டை மடித்துத் தோளில் வைத்து, முன்தண்டுக்குக் கீழே குனிந்தேன். "அரோகரா" என்று எல்லாரும் எழுப்பினார்கள். பாரம் தோளில் இறங்கியதும் உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஒவ்வொரு குவார்ட்டர்ஸ் வாசலிலும் கோலம், தேங்காய், கற்பூரத் தட்டு. வேப்பமரத்துக்கு ஒரு நிறுத்தம், பால் பூத்துக்கு ஒரு நிறுத்தம். நின்ற இடத்திலெல்லாம் தாங்குகட்டையில் தண்டை வைத்து மற்றவர்கள் தோள் மாற்றினார்கள். நான் தோளை எடுக்கவே இல்லை. பாதிச் சுற்றுக்கு மேல் வலது தோள் எரிந்தது. சிரிப்பு வருமோ என்று பயந்தவனுக்கு அழுகைதான் வந்தது.

எங்கள் வீட்டு வாசலில் பல்லக்கு நின்றது. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள் அவள். தட்டில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. அவள் சாமியையே பார்த்துக்கொண்டிருந்தாள், கண்ணைக் கொட்டாமல். தண்டுக்குக் கீழே நின்ற என்னை அவள் பார்த்ததாகவே தெரியவில்லை. அதுவும் சரிதான் என்று நினைத்தேன். அவளுக்குத் தெரிய வேண்டியவன் மேலே இருக்கிறான்.

சுற்று முடித்து, சாமியைக் கோயிலில் இறக்கி, பிரசாதத்தோடு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். தோள் பலகைபோலக் கன்றிப்போயிருந்தது. அவள் தேங்காய் எண்ணெயைச் சூடு செய்து தடவினாள். ஏதாவது நல்ல வார்த்தை சொல்வாள் என்று காத்திருந்தேன்.

"ஏங்க, பால் பூத்துத் திருப்பத்துல வரும்போதே பார்த்தேன். உங்க பக்கம் தண்டு இறங்கியிருந்துது. சாமி லேசா வலப்பக்கமா சாய்ஞ்சிருந்தாரு. மாலையில இருந்த ரோஜா ஒண்ணு நழுவித் தொங்கிச்சு. யாரும் பார்க்கலியா?"

பால் பூத் திருப்பத்துக்கும் எங்கள் வாசலுக்கும் நடுவில் எத்தனை வீடு இருக்கிறது என்று நினைத்துப் பார்த்தேன். எண்ணெய்க் கையோடு நின்றவளை அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன சிரிப்பு? சாமி சாய்ஞ்சிருந்தாருன்னு சொல்றேன்" என்றாள்.

"சொல்லு, சொல்லு" என்றேன். "வேற என்னெல்லாம் தெரிஞ்சுது?"